இரண்டு வானொலிக்கு ஒரே ஸ்பீக்கர்: ‘வேலை செய்யுது’ என்றால் போதுமா?

“பழைய ரேடியோவையும் கழற்ற வேண்டாம், புதுசா ஒரு ஆண்ட்ராய்டு பிளேயரும் வைக்கணும். ரெண்டையும் இருக்கிற நாலு ஸ்பீக்கர்லயே சேர்த்துவிடலாமா?”

கார் இருக்கும் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் வரும் கேள்வி இது. நான் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் படிக்கிறேன். வார இறுதியில் மாமாவின் கார் துணைப்பொருள் கடையில் உதவிக்கு நிற்பேன். ‘அப்பாவின் பழைய சாகாவில் கேசட் பெட்டி இன்னும் ஓடுகிறது, அதில் கை வைத்தால் அவர் விடமாட்டார்; எனக்கோ புளூடூத் இல்லாமல் முடியாது’ என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் உண்டு. புதுக் கருவிக்கே சேமிப்பு கரைந்திருக்கும். ஸ்பீக்கர் இன்னொரு செட் வாங்கக் கையில் காசு இருக்காது. ஆகவே கேள்வி நியாயமானதுதான்.

அதற்கு நண்பர்கள் வட்டத்தில் கிடைக்கும் பதில்தான் எனக்குக் கவலை தருகிறது. “ரெண்டு செட் வயரையும் ஒன்னா முறுக்கி டேப் சுத்திடு. ஒன்னு பாடும்போது இன்னொன்ன ஆஃப் பண்ணிக்கோ. என் காடியில அப்படித்தான் இருக்கு, நல்லா வேலை செய்யுது.”

அந்தக் கடைசி இரண்டு சொல்லைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ‘வேலை செய்யுது’ என்பதோடு நம் கேள்வி நின்றுபோவது நல்லதல்ல என்பது என் கருத்து. அந்த நான்கு ஸ்பீக்கர்களுக்கு மட்டுமல்ல, நாம் படிக்கும் முறைக்கும், நாளை நாம் செய்யப்போகும் வேலைக்கும் அது நல்லதல்ல.

பாடநூலில் இருக்கும் விடை

முதலில் விஷயத்தைப் பார்த்துவிடுவோம். ஸ்பீக்கர் என்பது வாங்கிக்கொள்ளும் பொருள். காரில் இருக்கும் வானொலிக் கருவியோ கொடுக்கும் பொருள்; அதற்குள் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர் சிப் இருக்கிறது. ஒரு ஆம்ப்ளிஃபையர் இரண்டு ஸ்பீக்கருக்குக் கொடுக்கலாம். இரண்டு ஆம்ப்ளிஃபையர் ஒரே ஸ்பீக்கருக்கு ஒரே நேரத்தில் கொடுத்தால் என்ன ஆகும்?

இணை மின்சுற்றில் எல்லாக் கிளைகளுக்கும் மின்னழுத்தம் ஒன்றே என்று படித்திருக்கிறோம். இப்போது ஒரு நொடியில், முதல் கருவி ஸ்பீக்கர் வயரில் 10 வோல்ட் இருக்க வேண்டும் என்கிறது. இரண்டாவது கருவி அதே வயரில் 4 வோல்ட் இருக்க வேண்டும் என்கிறது. இரண்டும் நடக்க முடியாது. வித்தியாசமான 6 வோல்ட் எங்கே போகும்? ஒரு கருவியிலிருந்து மற்றொரு கருவிக்குள் மின்னோட்டமாகப் பாயும்.

எவ்வளவு பாயும் என்பதற்கும் பாடநூலே வழி சொல்கிறது. மலேசியாவில் படிவம் 5 இயற்பியலின் மூன்றாவது அத்தியாயம் மின்சாரம். அதில் அக மின்தடை என்று ஒரு பகுதி வரும். ஆம்ப்ளிஃபையருக்கு அக மின்தடை மிகமிகக் குறைவு. கணக்குக்காக இரண்டுக்கும் சேர்த்து அரை ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 வோல்ட்டை 0.5 ஓமால் வகுத்தால் 12 ஆம்பியர். அதே 6 வோல்ட் 4 ஓம் ஸ்பீக்கரில் விழுந்திருந்தால் வெறும் 1.5 ஆம்பியர்தான். ஸ்பீக்கருக்குப் போக வேண்டியதைப் போல எட்டு மடங்கு மின்னோட்டம், ஒரு சிப்பிலிருந்து இன்னொரு சிப்புக்குள். நல்ல கருவியில் பாதுகாப்புச் சுற்று விழித்துக்கொண்டு ஒலியை நிறுத்திவிடும். அது இல்லாத மலிவான கருவியில் சிப் சூடாகி வெந்துபோகும்.

“சரி, ஒன்றை அணைத்துவிட்டால்?” இது அடுத்த கேள்வி. முன்பக்கப் பொத்தானை அழுத்தி அணைத்துவிட்டால் அந்தக் கருவி காரில் இல்லாததுபோல் ஆகிவிடும் என்று நினைக்கிறோம். அதன் சிப்பின் கால்கள் இன்னும் ஸ்பீக்கர் வயரில்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்களும் மின்தடைகளும் அங்கேயேதான் இருக்கின்றன. பாடிக்கொண்டிருக்கும் கருவியின் மின்சாரம் அவற்றுக்குள்ளும் நுழையப் பார்க்கும். சில கருவிகள் அதைத் தாங்கும், சிலவற்றில் ஒலி கரகரக்கும், சில செத்துப்போகும். எது எப்படி என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. நண்பனின் காரில் தாங்கியது உங்கள் காரில் தாங்கும் என்பதற்கு உறுதி கிடையாது. அதோடு, என்றாவது ஒரு நாள் காரை வாங்கிச் செல்லும் தங்கையோ மாமாவோ இரண்டையும் ஒன்றாகத் திறந்துவிட மாட்டார்கள் என்பதற்கும் உறுதி இல்லை.

கறுப்பு வயர் எல்லாம் ஒன்றல்ல

இன்னொரு தவறான எண்ணமும் பரவலாக இருக்கிறது: “ஸ்பீக்கரின் மைனஸ் வயர் எல்லாம் எர்த்துதான். அதை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துவிட்டு, பிளஸ் வயருக்கு மட்டும் சுவிட்ச் போட்டால் போதும்.”

இன்றைய கார் வானொலிகளில் ஸ்பீக்கரின் மைனஸ் எர்த் அல்ல. பிளஸ், மைனஸ் இரண்டையுமே ஆம்ப்ளிஃபையர் இயக்குகிறது. கார் பேட்டரி 12 வோல்ட் என்றால், ஒலி இல்லாதபோது இரண்டு வயருமே ஏறக்குறைய 6 வோல்ட்டில் நிற்கும். பாட்டு வரும்போது ஒன்று ஏறும், மற்றது அதே அளவு இறங்கும். குறைந்த மின்னழுத்தத்தில் கூடுதல் சத்தம் எடுப்பதற்கான உத்தி இது. மல்ட்டிமீட்டரின் கறுப்பு முனையைக் கார் உடலில் வைத்து, சிவப்பு முனையை ஒவ்வொரு ஸ்பீக்கர் வயரிலும் தொட்டுப் பாருங்கள், நீங்களே காணலாம்.

பழைய கேசட் கருவிகள் சிலவற்றில் மைனஸ் நிஜமாகவே எர்த்தோடு சேர்ந்திருக்கும். அப்படிப்பட்ட ஒன்றையும் புதுக் கருவியையும் சேர்த்து முறுக்கினால், புதுக் கருவியின் வெளியீட்டை நேராகக் கார் உடலோடு இணைத்ததாக ஆகும். அது குறுக்குச் சுற்று. அப்பாவின் கேசட் பெட்டிக்குப் பக்கத்தில் புது பிளேயரை வைக்க நினைப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

“டையோடு போட்டால்?” என்று கேட்கும் கெட்டிக்கார மாணவர்களும் உண்டு. கேள்வியைப் பாராட்டுகிறேன், ஆனால் அது உதவாது. ஒலி என்பது முன்னும் பின்னும் மாறி மாறி ஓடும் மின்னோட்டம். டையோடு ஒரு பக்கம் மட்டும் விடும். அலையின் பாதி வெட்டுப்பட்டு, பாட்டு தகரத்தில் ஆணியால் கீறுவதுபோல் கேட்கும்.

சரியான வழி கடினமானதல்ல

முதல் வழி மிக எளிது. புதுக் கருவியின் பின்னால் ஆர்.சி.ஏ. வெளியீடும் பழைய கருவியில் ஆக்ஸ் உள்ளீடும் இருந்தால், ஒன்றின் சிறிய ஒலிச் சமிக்ஞையை மற்றதற்குள் கொடுத்துவிடலாம். ஸ்பீக்கரை ஓட்டுவது ஒரே கருவிதான். சண்டைக்கே இடமில்லை.

அந்த வசதி இல்லாவிட்டால் ரிலே. ஸ்பீக்கர் நான்கு, ஒவ்வொன்றுக்கும் வயர் இரண்டு, ஆக எட்டு வயர். நான்கு வயரை ஒரே நேரத்தில் மாற்றும் 12 வோல்ட் ரிலே இரண்டு இருந்தால் எட்டும் மாறிவிடும். ரிலேயின் தொடுமுனை ஒரு பக்கத்தை விட்டுவிட்டுத்தான் மறுபக்கத்தைத் தொடும். எனவே இரண்டு கருவியும் எந்த நொடியிலும் சந்திப்பதில்லை. புதுக் கருவியின் பின்னால், வெளி ஆம்ப்ளிஃபையரைத் தட்டி எழுப்புவதற்கென்று ஒரு வயர் வரும். பெரும்பாலும் நீலத்தில் வெள்ளைக் கோடு போட்டிருக்கும். அதைக் கொண்டே ரிலேயை இயக்கலாம். அந்த வயர் எவ்வளவு மின்னோட்டம் தாங்கும், ரிலேயின் சுருளுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை இரண்டின் விவரத்தாளிலும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். புதுசைத் திறந்தால் ஸ்பீக்கர் புதுசுக்குப் போகும். மூடினால் தானாகப் பழசுக்குத் திரும்பும்.

டையோடுக்கும் இங்கே வேலை இருக்கிறது. ரிலேயின் சுருள் அணையும்போது எதிர்த்திசையில் கிளம்பும் மின்னழுத்தத்தை அடக்க, சுருளுக்குக் குறுக்கே ஒரு டையோடு போடுவார்கள். முன்னால் டையோடு கேட்ட மாணவர் கையில் எடுத்தது சரியான பொருள்தான். வைக்க நினைத்த இடம்தான் வேறு.

கடைசியாக, வெறும் டேப்பை நம்ப வேண்டாம். வெயிலில் நிற்கும் நம் ஊர்க் காரின் டாஷ்போர்டுக்குள் டேப்பின் பசை இளகிவிடும். வயர் வெளியே தெரியும். பக்கத்து வயரையோ இரும்பையோ தொடும். ஈயப்பற்று வைத்துச் சுருங்கு குழாய் போடுங்கள், அல்லது முறையான இணைப்பியைப் பயன்படுத்துங்கள். ஃபியூஸ் அடிக்கடி போனால், பெரிய ஃபியூஸ் போடுவதற்கு முன் அது ஏன் போகிறது என்று தேடுங்கள். ஃபியூஸ் வயரைக் காப்பாற்ற வைத்தது. அதன் வாயை அடைத்தால் அடுத்து எரிவது வயர்தான்.

இரண்டு பாதி அறிவு

இவ்வளவும் சொன்னதற்குக் காரணம் உண்டு. எங்கள் கடையில் ஓர் அண்ணன் வேலை செய்கிறார். படிவம் 3 உடன் பள்ளியை விட்டவர். ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவர் இரண்டு கருவியையும் சேர்த்து முறுக்கித் தரச் சொன்னபோது, அவர் மறுத்தார். “ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கத்துனா ஸ்பீக்கர் யாரு பேச்சைக் கேக்கும், அங்கிள்?” என்றார். அந்த ஒரு வரியில் நான் மேலே எழுதிய அத்தியாயம் முழுவதும் இருக்கிறது.

ஆனால் எத்தனை ஆம்பியர் பாயும், எந்த அளவு வயர் வேண்டும், எந்த ரிலே தாங்கும் என்று கேட்டால் அவர் அனுபவத்தை வைத்து ஊகிப்பார். நான் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அதே டாஷ்போர்டைக் கிளிப் உடையாமல் கழற்றுவது, சூடு ஏறாத இடமாகப் பார்த்து ரிலேயைப் பொருத்துவது எல்லாம் அவர்தான் எனக்குக் காட்டினார். அன்று அந்த வேலையை முடிக்க இரண்டு பேர் தேவைப்பட்டோம். ஒருவரிடமே இரண்டும் இருந்திருக்கலாமே என்று தோன்றியது.

நம் வீடுகளில் இன்னும் ஒரு வழக்கம் இருக்கிறது. நன்றாகப் படிக்கும் பிள்ளையை ‘வயர், ஸ்குரூடிரைவர் பக்கம் போகாதே, புத்தகத்தை எடு’ என்போம். மதிப்பெண் குறைந்த பிள்ளையை ‘படிப்பு ஏறல, கைத்தொழிலுக்கு அனுப்பிடலாம்’ என்போம். முதல் பிள்ளை இயற்பியலில் ‘ஏ’ வாங்குகிறது, ஆனால் மல்ட்டிமீட்டரில் எந்த அளவுகோலைத் திருப்புவது என்று தெரியாது. இரண்டாவது பிள்ளை நூறு காருக்கு வயர் இழுக்கிறது, ஆனால் யாரும் அதனிடம் ‘ஏன்’ என்று விளக்கியதில்லை. இருவருக்குமே நாம் பாதிதான் கொடுத்திருக்கிறோம். கைத்தொழிலைத் தோல்வியின் பெயராக வைத்திருக்கும்வரை இந்தப் பாதி முழுமையாகாது.

வாய்ப்பு இல்லை என்று சொல்ல முடியாது. மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலைகளோடு நிற்பதில்லை. அதற்கு மேல் நான்காம் நிலையில் டிப்ளோமாவும் ஐந்தாம் நிலையில் உயர் டிப்ளோமாவும் இருக்கின்றன. பத்துபகாட், மலாக்கா, பெர்லிஸ், பகாங் ஆகிய இடங்களில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. சிங்கப்பூரில் ஐ.டி.இ.யில் சேர்ந்து, அங்கிருந்து பலதுறைத் தொழிற்கல்லூரிக்கும் பிறகு பல்கலைக்கழகத்துக்கும் போனவர்கள் இருக்கிறார்கள். படி இருக்கிறது. ஏறுகிறவர்களுக்கு ‘ஏன்’ என்று கேட்கும் பழக்கம் வேண்டும்.

விளம்பரத்தையும் அளந்து பாருங்கள்

அந்தப் பழக்கம் பணத்தையும் காப்பாற்றும். கார் வானொலிப் பெட்டியில் ‘50 வாட் × 4’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இன்ஜின் ஓடும்போது காரில் கிடைப்பது ஏறக்குறைய 14.4 வோல்ட். ஸ்பீக்கர் 4 ஓம். மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தால் 51.8 வாட். பெட்டியில் இருக்கும் எண் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறதா? ஆனால் இது முழு மின்னழுத்தமும் இடைவிடாமல் ஸ்பீக்கரில் நின்றால் கிடைக்கும் கணக்கு. அப்படி வருவது பாட்டு அல்ல, இரைச்சல். ஒழுங்கான சைன் அலைக்கு அதில் பாதி, அதாவது 26 வாட்டுக்கும் சற்றுக் குறைவுதான் உச்ச வரம்பு. நடைமுறையில் இன்னும் குறையும்.

நம்பிக்கை வரவில்லையா? கருவியின் பின்னால் இருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். பலவற்றில் 10 ஆம்பியர்தான் இருக்கும். 14.4 வோல்ட்டை 10 ஆம்பியரால் பெருக்கினால் 144 வாட். 144 வாட் உள்ளே போகும் பெட்டியிலிருந்து 200 வாட் தொடர்ந்து வெளியே வருமா? படிவம் 5 மாணவர் எவரும் இதைக் கடை வாசலிலேயே மனக்கணக்காகப் போட்டுவிடலாம். ஆனால் தேர்வுத் தாளுக்கு வெளியே அந்தச் சூத்திரத்தை நாம் எடுப்பதே இல்லை.

12 வோல்ட்டில் பழகாத கை

‘ஒரு ரேடியோ போனால் போகட்டுமே, இதற்கு இவ்வளவு பேச்சா?’ என்று சிலர் கேட்கலாம். ரேடியோவோடு நின்றால் நானும் விட்டுவிடுவேன்.

2024 டிசம்பரில் புரோட்டோன் தன் மின்சாரக் கார் இ.மாஸ் 7 ஐ வெளியிட்டது. சாலையில் மின்சாரக் கார்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே வருகின்றன. அவற்றின் முதன்மைப் பேட்டரி சில நூறு வோல்ட்டில் இயங்குகிறது. இன்று கார் துணைப்பொருள் கடையிலும் பட்டறையிலும் நிற்கும் நம் இளைஞர்களின் கையில்தான் நாளை அந்தக் கார்களும் வரும். இன்று இயற்பியல் வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் சிலர் அவற்றை வடிவமைக்கவும் சோதிக்கவும் போவார்கள். 12 வோல்ட்டில் ‘முறுக்கிப் பார்ப்போம், வேலை செஞ்சா சரி’ என்று பழகிய கை, 400 வோல்ட்டிலும் அப்படித்தான் போகும். 12 வோல்ட் தவறுக்கு விலை ஒரு சிப். அங்கே விலை உயிர்.

முறுக்கிப் பார்த்துக் கற்றுக்கொள்வதுதானே அனுபவம் என்று வாதிடுபவர்களும் உண்டு. சோதனை செய்வதை நான் தடுக்கவில்லை. மாறாக, கையில் எடுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே கணித்து, பிறகு அளந்து, இரண்டும் பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. கணிக்காமல் முறுக்குவது அதிர்ஷ்டச் சீட்டு.

நாளையே தொடங்கக்கூடியவை

மாணவர்களே, முப்பது நாற்பது ரிங்கிட்டுக்கு ஒரு சாதாரண மல்ட்டிமீட்டர் கிடைக்கிறது. ஒரு பேருக்கு வேண்டாம். நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒன்று வாங்குங்கள். கழற்றிப் போட்ட பழைய ஸ்பீக்கரின் மின்தடையை அளந்து பாருங்கள். 4 ஓம் என்று எழுதியிருக்கும், மீட்டர் சற்றுக் குறைவாகக் காட்டும். ஏன் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். நேர் மின்னோட்டத்துக்கும் மாறு மின்னோட்டத்துக்கும் உள்ள வேறுபாடு அங்கேயே புரியும். ஆனால் வீட்டுச் சுவரில் இருக்கும் 240 வோல்ட் பக்கம் போக வேண்டாம். அது உரிமம் பெற்றவர்களின் வேலை.

ஆசிரியர்களே, பள்ளி அறிவியல் கழகத்துக்கு ஒரு நாள் பக்கத்துப் பட்டறைக்காரரை அழையுங்கள். அவர் செய்துகாட்டட்டும், மாணவர்கள் கணக்குப் போடட்டும். எஸ்.பி.எம். இயற்பியலில் செய்முறைத் தேர்வும் இருக்கிறது. அதற்கும் இது உதவும்.

பட்டறையில் பயிற்சிக்கு நிற்கும் தம்பிகளே, ‘இப்படித்தான் செய்வோம்’ என்று சொல்லிக் கொடுத்தால் பணிவோடு ஒரு கேள்வி கேளுங்கள்: “ஏன் அண்ணே?” அவருக்குத் தெரிந்திருந்தால் சொல்வார். தெரியாவிட்டால் பழைய இயற்பியல் நூலைத் திறங்கள். பிறகு கண்டுபிடித்ததை அவருக்கும் சொல்லுங்கள்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை சமையலறை மேசையில் பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டிருந்தால், மின் இணைப்பு கழற்றப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள். பிள்ளை படிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

அப்பா மின்னல் எஃப்எம் கேட்கட்டும், மகன் கைப்பேசியிலிருந்து தன் பாட்டைப் போடட்டும். இரண்டும் ஒரே நான்கு ஸ்பீக்கரில் தாராளமாக வரலாம். இரண்டு ரிலே, ஒரு மணிநேரக் கணக்கு, அரை நாள் வேலை. அந்தக் கணக்கைப் போட்டவரும் வேலையைச் செய்தவரும் ஒரே ஆளாக இருந்தால், அந்த ஆளை நாளைக்கு எந்தப் பட்டறையும் எந்த ஆய்வகமும் தேடி வரும்.